உழைப்பும் உடற்பயிற்சியும்: வடசென்னைத் துறைமுகப் பகுதித் தொழிலாளர் உடல்நலம்

நாள் முழுவதும் மூட்டை சுமப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி பலருக்கும் எழுவதுண்டு. உழைப்பே உடற்பயிற்சி என்னும் நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் தொழிற்பகுதியின் வரலாறு இந்த நம்பிக்கை முழு உண்மையன்று எனக் காட்டுகிறது.

சுமையின் காலம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட, சரக்குகள் மசூலாப் படகுகளில் கரைக்கு வந்தன. 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின்னரும் நெடுங்காலம் மூட்டைகள் தொழிலாளரின் தலையிலும் முதுகிலும்தான் ஏறி இறங்கின. 100 கிலோ எடையுள்ள சாக்கு மூட்டைகள் அன்று வழக்கத்தில் இருந்தன. கழுத்து, இடுப்பு, முழங்கால் தேய்மானம் இத்தொழிலோடு சேர்ந்தே வந்தது.

இப்பகுதியில் உடற்பயிற்சி மரபுக்குக் குறைவில்லை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம் ஆகியவற்றோடு குத்துச்சண்டையும் இங்கே வேரூன்றியது. ஆனால் இவை வீரத்துக்கும் பொழுதுபோக்குக்கும் உரியவை. தொழில்சார் பாதிப்பைத் தடுக்க வகுக்கப்பட்டவை அல்ல.

ஓய்வும் சட்டமும்

1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளில் நண்பகல் இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. உடல் மீள்வதற்கு நேரம் வேண்டும் என்ற மருத்துவ உண்மை அந்தக் கோரிக்கையில் அடங்கியிருந்தது. பின்னர் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், காயம் விளைவிக்கக்கூடிய பாரத்தைத் தொழிலாளரைத் தூக்க வைப்பதைத் தடை செய்தது. வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை ரால்ஃப் பாஃபன்பார்கர் குழுவினர் 22 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 1975இல் முடிவை வெளியிட்டனர். கடின உழைப்பாளரிடையே மாரடைப்பு மரணம் குறைவாக இருந்தது. ஆயினும் பிற்காலத்தில் டென்மார்க் உள்ளிட்ட நாடுகளில் நடந்த ஆய்வுகள் பல, ஓய்வின்றி நீளும் உடலுழைப்பு இதயத்துக்குக் கேடு என்றன. பயிற்சி என்பது குறுகிய நேரம் உழைத்து, ஓய்வெடுத்து, உடலை வலுவாக்குவது. மணிக்கணக்கில் பாரம் சுமப்பதில் இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது; தசைகள் மீள நேரம் கிடைப்பதில்லை.

மாறிய ஆபத்துகள்

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டபின் வேலையின் தன்மை மாறத் தொடங்கியது. கிரேன் இயக்குபவரும் டிரெய்லர் ஓட்டுநரும் மணிக்கணக்கில் அமர்ந்தே வேலை செய்கின்றனர். இவர்களுக்கு வேண்டியது நடைப்பயிற்சியும் முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும்.

தூசி இன்னொரு சிக்கல். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நிறுத்தப்பட்டு, எண்ணூருக்கு மாற்றப்பட்டது. தூசி ஒழியவில்லை, இடம் மாறியது. உடற்பயிற்சியின்போது மூச்சு ஆழமாகிறது. மாசடைந்த காற்றில் பயிற்சி செய்பவர் கூடுதல் தூசியை உள்ளிழுக்கிறார்.

பயன்தரும் திட்டம்

ஜப்பானில் 1928இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி பின்னர் அந்நாட்டுப் பணியிடங்களிலும் பரவியது. அத்தகைய சில நிமிடப் பயிற்சி ஷிப்ட் தொடங்கும் முன் உடலைத் தயார்ப்படுத்தும். ஆனால் அது வேலை நேரத்துக்குள், தூய காற்றுள்ள இடத்தில், வேலையின் தன்மைக்கேற்ப நடக்க வேண்டும். பாரத்தையும் தூசியையும் குறைப்பது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாமல் தொழிலாளரை மட்டும் குனிந்து நிமிரச் சொல்வது உடல்நலத் திட்டமாகாது.