வெள்ளி ஸ்பூனா, முலாம் ஸ்பூனா?

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பழைய பட்டுப்புடவையை விற்க எடுத்துப் போனால், வாங்குபவர் முதலில் பார்ப்பது டிசைனை இல்லை, ஜரிகையை. ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அவர் முகமே மாறிவிடும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. புடவையை எரித்தால் வெள்ளி மிஞ்சும். அந்த வெள்ளிக்காகத்தான் விலை.

ஆக, எது அசல், எது முலாம் என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் இதே கேள்வியை ஒரு பழைய ஸ்பூனைக் காட்டிக் கேட்டால் பலரும் திணறிப் போவார்கள். பழைய பங்களா சாமான், கிளப் ஏலம், தாத்தா ரயில்வேயில் இருந்த வீடு என்று எங்கிருந்தோ வந்த ஸ்பூன்களும் முள்கரண்டிகளும் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரியும் வரை இந்த மாதிரிப் பொருள்களுக்கு அதுதான் சொர்க்கம். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், எனவே இவை பெரும்பாலும் பரணில்தான் கிடக்கும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1740-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தி செய்பவர், செம்பின் மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்து இரண்டையும் சேர்த்தே தகடாக இழுக்கலாம் என்று கண்டுபிடித்தார். இதுதான் 'ஷெஃபீல்டு பிளேட்'. பழைய ஜரிகைத் தொழில்நுட்பமும் கிட்டத்தட்ட இதேதான் என்பதுதான் வேடிக்கை! வெள்ளிக் கட்டியின் மேல் தங்க ரேக்கைச் சுற்றி, அதைத் துளை வழியே இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்குவார்கள். கம்பி எவ்வளவு மெலிந்தாலும் தங்கம் மேலேயே நிற்கும்.

பிறகு மின்சாரம் வந்தது. 1840-ல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பொருளைச் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் கரைசலில் முக்கி எடுத்தால் போதும். ஷெஃபீல்டு பிளேட் தொழில் சில பத்தாண்டுகளில் படுத்துவிட்டது. ஜரிகையும் பின்னாளில் இந்த வழிக்கே வந்தது.

சரி, கையில் இருக்கும் ஸ்பூனுக்கு வருவோம். திருப்பிப் பாருங்கள், விஷயம் எல்லாம் முதுகில்தான்.

'இ.பி.என்.எஸ்.' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது நிக்கல் சில்வர் மேல் மின்முலாம். நிக்கல் சில்வர் என்பது நம் ஊர் 'ஜெர்மன் சில்வர்'தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது, பெயரில் தவிர அதில் வெள்ளியே கிடையாது. சில கம்பெனிகள் இந்த நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள், பழைய கோணல் எழுத்தில் குத்தியிருக்கும். சட்டென்று பார்த்தால் அசல் வெள்ளி முத்திரை போலவே இருக்கும். தெரியாமல் செய்ததா என்ன!

இங்கிலாந்தின் அசல் வெள்ளியில் (1000-க்கு 925 பங்கு) நடக்கும் சிங்கம் இருக்க வேண்டும். கூடவே நகரக் குறி: பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு அந்நாளில் கிரீடம். முலாம் கம்பெனிகளும் கிரீடத்தைப் போட்டுக் குழப்பிய காலம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது நின்றது. எனவே கிரீடத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

இன்னொரு பொறி '90' என்ற எண். ஐரோப்பியக் கரண்டிகளில் இதைப் பார்த்து 90 சதவீத வெள்ளி என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் 12 ஸ்பூன், 12 முள்கரண்டி கொண்ட ஒரு செட்டுக்கு மொத்தம் சுமார் 90 கிராம் வெள்ளி பூசியிருக்கிறது என்று அர்த்தம். வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு நாலு கிராம்கூட வராது. உருக்குகிறவருக்குக் கூலிக்கே கட்டாது.

இங்கேதான் ஒரு விபரீதம். முலாம் ஸ்பூனை யாரும் உருக்குவதில்லை, அதனால் அது பிழைத்துக்கொள்கிறது. அசல் வெள்ளிதான் எடைக்குப் போய்ப் பட்டறையில் முடிகிறது. அசல் ஜரிகைப் புடவைகளுக்கும் இதே கதிதான். 60, 70 வருடத்துப் புடவை, இன்று யாரும் நெய்யாத கரை, எல்லாம் ஒரு கைப்பிடி வெள்ளியாகிவிடும். போலி ஜரிகைப் புடவை பீரோவில் பத்திரமாக இருக்கும்.

நம் ஊர் வெள்ளிக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பிரிட்டிஷ் இந்தியாவில் இங்கிலாந்து போல அரசு முத்திரை முறை இல்லை. செய்தவர் தன் பெயரைக் குத்திக்கொள்வார், அவ்வளவுதான். (பி.ஐ.எஸ். வெள்ளிக்கு ஹால்மார்க் கொண்டுவந்ததே 2005-ல்.) மவுண்ட் ரோட்டின் பி.ஆர் அண்ட் சன்ஸ், சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் 'சுவாமி' வேலைப்பாட்டு வெள்ளிக்குப் புகழ்பெற்றது. அதில் சிங்கமும் இருக்காது, நங்கூரமும் இருக்காது, கடையின் பெயர் மட்டும்தான். சிங்கத்தை மட்டுமே தேடுகிறவர் அதை முலாம் என்று ஒதுக்கலாம், அல்லது உரசிப் பார்த்துவிட்டு எடைக்குப் போடலாம். இரண்டுமே நஷ்டம்.

முத்திரை தேய்ந்துவிட்டால்? ஸ்பூன் குழியின் அடிப்பக்கம் மேஜையில் படும் இடத்தைப் பாருங்கள். முலாம் அங்கேதான் முதலில் போகும். சிவப்பாகத் தெரிந்தால் அடியில் செம்பு. மஞ்சளோடிய சாம்பல் நிறம் என்றால் ஜெர்மன் சில்வர். அசல் வெள்ளி எவ்வளவு தேய்ந்தாலும் ஒரே நிறம்தான். காந்தம் வைத்துப் பார்ப்பது பாதி வேலைதான், ஏனென்றால் வெள்ளி, செம்பு, ஜெர்மன் சில்வர் எதுவுமே ஒட்டாது. அடியில் இரும்பு இருந்தால் மட்டும் தெரியும்.

செட் சேர்ப்பது தனிக் கலை. ஆறு ஸ்பூனில் ஒன்று தொலைந்தால் அதே மாதிரி இன்னொன்று தேட வேண்டும். காம்பு பிடில் வாத்தியம் போல அகன்றிருந்தால் 'பிடில்'. நுனி கீழ்நோக்கி வளைந்து வழவழப்பாக இருந்தால் 'ஓல்டு இங்கிலீஷ்', மேல்நோக்கி வளைந்தால் 'ஹானோவேரியன்'. சிப்பியும் கொடியுமாக நிறைந்திருந்தால் 'கிங்ஸ்'. பெயர் ஒன்றானாலும் கம்பெனிக்குக் கம்பெனி சிப்பியின் அளவு மாறும். எனவே கொடி அடையாளம் போட்ட வாக்கர் அண்ட் ஹாலுக்கு அதே கம்பெனி, ஊதுகொம்பு போட்ட ஜேம்ஸ் டிக்சனுக்கு டிக்சன் என்று சேர்ப்பதே நல்லது. நீளத்தையும் அளக்க வேண்டும், அரை அங்குல வித்தியாசம் மேஜையில் அசிங்கமாகத் தெரியும். கத்தியில் 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் 1913-க்கு முந்தியது இல்லை. ஹாரி பிரியர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருவாக்கியது அந்த வருடம்தான்.

ரயில்வே ஸ்பூன்களுக்கு வயது கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். காஞ்சிபுரத்துக்கு அரக்கோணத்திலிருந்து 1865-லேயே ரயில் வந்துவிட்டது. அந்தப் பாதை 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கைக்குப் போனது. ஆக 'எஸ்.ஐ.ஆர்.' என்று பொறித்த ஸ்பூன் 1874-க்கும் 1951-க்கும் இடைப்பட்டது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் 'எம். அண்ட் எஸ்.எம்.' என்றால் 1908-க்குப் பின். 1951 ஏப்ரலில் இரண்டும் மைசூர் ரயில்வேயுடன் இணைந்து தெற்கு ரயில்வே ஆனது, அதற்கப்புறம் 'எஸ்.ஆர்.'

ஆனால் இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 வரை ஒரு 'சதர்ன் ரயில்வே' ஓடியது. அதன் முதலெழுத்தும் 'எஸ்.ஆர்.'தான்! அப்படி ஒன்று கிடைத்தால் பொறித்த எழுத்தை நம்பாமல், திருப்பி, செய்த கம்பெனி எது, எங்கிருந்து கைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும்.