படை போன பின்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. மன்னராட்சியின் கட்டடங்களில் இனி யார் இருப்பது என்ற கேள்வி அன்றே எழுந்தது. அரண்மனைக்கு விடை கிடைத்துவிட்டது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அரண்மனைக்குள் குடியேறியது. ஆள்பவர் மாறினார், மனுவோடு காத்திருப்போர் மாறவில்லை.

கோட்டைக்கு அப்படி எளிதாக வாய்ப்பதில்லை. பிறரை உள்ளே விடாதிருக்கவென்றே கட்டப்பட்டது அது. திருமயம் கோட்டையை 1687-இல் கிழவன் சேதுபதி எழுப்பினார். பின்னர் தொண்டைமான்கள் வசமாயிற்று. ஊமைத்துரை இங்கே சிறைவைக்கப்பட்டிருந்ததாக ஊர்வழக்கு. அதனால் 'ஊமையன் கோட்டை' என்றும் பெயர். ஆனால் படைக்கு வெகுகாலம் முன்பே இக்குன்றுக்கு ஒரு வாழ்வு இருந்தது. அடிவாரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே குடைவரைகள் இருக்கின்றன. திருமங்கையாழ்வார் பாடிய திருமெய்யம் இதுவே. கோட்டைக்குள்ளும் பாறைச் சரிவில் ஒரு குடைவரை, அதில் லிங்கம்.

படை விலகிய பின் பழைய வாழ்வு திரும்புமா? வேலூர்க் கோட்டையைப் பார்க்கலாம். 1806 ஜூலை 10 விடியுமுன், படைவீடுகளில் உறங்கிய ஆங்கிலேயச் சிப்பாய்களை இந்தியச் சிப்பாய்கள் தாக்கிய இடம் அது. பின்னாளில் அக்கோட்டைக் கட்டடங்களில் அரசு அலுவலகங்களும் அருங்காட்சியகமும் அமைந்தன. அங்குள்ள ஜலகண்டேசுவரர் கோயிலோ ஆயுதக் கிடங்காகப் பயன்பட்டு, படை போன பிறகும் மூலவர் இன்றியே கிடந்தது. வழிபாடு நின்றுபோன சின்னத்தில் அதைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பது தொல்லியல் துறையின் நிலைப்பாடு. 1981 மார்ச்சில் மக்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. கோயிலுக்குள் புகுந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் கல்லை என்ன செய்யும் என்ற கவலையும் உண்டு. ஆயினும் கிடங்காக்கிய செயலுக்குத் தராத மதிப்பை அதை நீக்கிய செயலுக்குத் தந்தே ஆக வேண்டும்.

திருமயத்தில் எவரும் விதியோடு மோத நேரவில்லை. கோட்டையின் வெளிமதிலை ஒட்டி வடக்குப் பார்த்து நிற்கிறார் கோட்டை பைரவர். புதுக்கோட்டை–காரைக்குடிச் சாலையில் போகும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி, கும்பிட்டு, தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுகிறார்கள். பகைவரைத் தடுக்க எழுந்த மதில் இன்று வழிப்போக்கருக்குக் காவல். பயணிகளில் ஒருசிலரே நேரம் ஒதுக்கிக் குன்றேறுகிறார்கள். அவர்களுக்காக உச்சிக் கொத்தளத்தில் பழைய பீரங்கி ஒன்று வெயிலில் காத்திருக்கிறது.