ஏடு நடத்திய முன்னோரும் எழுத வேண்டிய இளைஞரும்

ஒரு சமுதாயத்தின் வளர்ச்சியை அளக்கும் அளவுகோல்கள் பல. எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர், எத்தனை குடிசைகள் கல்வீடுகளாயின என்றெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கிறோம். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இக்கணக்குகள் யாவும் வேண்டியவையே. எனினும் இன்னுமோர் அளவுகோலை இளைஞர்கள் முன் வைக்க விரும்புகிறோம். தம் கதையைத் தாமே எழுத வல்லவர் நம்முள் எத்தனை பேர்? எழுதியதைக் காத்து வைக்கும் வீடுகள் எத்தனை?

எழுத்தும் ஏடும் நமக்குப் புதியவை என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நாம், எழுதுவது பிறர்க்கே உரியது என்று பலர் ஒதுங்கி நிற்கின்றனர். வரலாறு இதனை மறுக்கிறது. தாழ்த்தப்பட்ட மக்கள் தமிழில் நடத்திய ஏடுகளின் வரிசை 1869ஆம் ஆண்டு ‘சூரியோதயம்’ என்னும் இதழுடன் தொடங்குகிறது. 1871இல் ‘பஞ்சமன்’ வெளிவந்தது. 1885இல் ‘திராவிட பாண்டியன்’, 1888இல் ‘மகாவிகடதூதன்’ எனத் தொடர்ந்தது அவ்வரிசை. அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியது 1920 சனவரி 31ஆம் நாள். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே தமிழகத்தில் நம் முன்னோர் அச்சுப் பொறியைத் தம் கருவியாக்கிக்கொண்டனர் என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வரிசையில் வந்த பெருமக்களுள் இருவரை ஈண்டு நினைவு கூர்வோம். முதலாமவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில் உடன் பயின்றோருடன் நட்புக் கொண்டால் தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ, தம்மை இழிவாக நடத்துவரோ என்று அஞ்சினார். பள்ளிக்கு வெளியே தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். அவ்வாறு ஒளிந்து வாழ்ந்த அச்சிறுவன் வளர்ந்து, 1893 அக்டோபர் திங்களில் சென்னையில் ஒரு மாத இதழைத் தொடங்கியபோது அதற்கிட்ட பெயர் ‘பறையன்’ என்பது! எப்பெயரைச் சொல்லிப் பிறர் இழித்தனரோ, அப்பெயரையே முன் நிறுத்தி ‘நான்’ என்று வெளிவந்தாலன்றி உரிமை கிட்டாது என்பது அவர் துணிபு. நான்கு பக்கம், விலை இரண்டு அணா. இவ்வளவே அதன் தொடக்கம். அவர் 1900இல் நாட்டை விட்டுக் கடல் கடந்து செல்லும் வரை அவ்விதழ் நடந்தது. பின்னாளில் தாயகம் திரும்பிச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்ததும், 1930இலும் 1931இலும் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் பங்கேற்றதும் நாடறிந்த செய்தி. ஆனால் பள்ளிப் பருவத்து அச்சத்தை நாம் எவ்வாறு அறிந்தோம்? அவரே 1939இல் ‘ஜீவிய சரித்திரச் சுருக்கம்’ என்னும் சிறு நூலாகத் தம் வாழ்வை எழுதி வைத்தமையால் அறிந்தோம். அவர் எழுதாதிருந்தால் அச்சிறுவனை எவர் அறிவார்?

இரண்டாமவர் பண்டிதர் அயோத்திதாசர். 1845 முதல் 1914 வரை வாழ்ந்தவர், சித்த மருத்துவர், பன்மொழிப் புலமையாளர். 1907 சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ எனப் பெயர் கொண்டது. அரசியல், சமயம், மருத்துவம், இலக்கியம், உழவு என எப்பொருளையும் அவ்விதழ் விட்டு வைக்கவில்லை. வாசகர் வினாக்களுக்குப் பண்டிதர் விடையளித்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி உழைத்தோரும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்தோரும் அதன் வாசகர்கள். பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் விளக்கொளியில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கத்தால் வளர்ந்தவை அக்கால ஏடுகள் என்பதை நினைக்குந்தோறும் நம் உள்ளம் பெருமிதம் கொள்கிறது.

இவ்விரு பெரியோரும் உறவினர்கள். எனினும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினர் அல்லர். ஒருவர் தலைநிமிர்ந்து ஏற்ற பெயரை மற்றவர் பகைவர் சுமத்தியதென்று கூறி மறுத்தார். பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்றே நம் மக்களை அழைத்தார். கருத்து வேற்றுமையை அவர்கள் எழுத்தால் வெளியிட்டனர். வளர்ச்சி என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பேசிக் கலையும் வாதங்கள் மறுநாளே மறக்கப்படுகின்றன. தாளில் ஏறிய வாதமோ பேரப் பிள்ளைகளுக்கும் சிந்தனை தருகிறது.

இனி, வருத்தத்திற்குரிய செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்நாளைய நம் ஏடுகள் பலவற்றின் இதழ்கள் இன்று கிடைப்பதில்லை. அரசினர் அன்று பத்திரிகைகளைக் கண்காணிக்கத் தொகுத்த குறிப்புகளிலும், பிற ஏடுகளின் விளம்பரங்களிலுமிருந்தே அவை இருந்தன என்பதை ஆய்வாளர்கள் திரட்டுகின்றனர். ‘தமிழன்’ அவ்வாறு முற்றும் மறையாமல் தப்பியது எங்ஙனம்? பண்டிதர் மறைவுக்குப் பின் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அவ்விதழை மீண்டும் நடத்தினார். அங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. அன்பு பொன்னோவியம் முதலானோர் பழைய தொகுதிகளைக் கண்ணும் கருத்துமாய்க் காத்தனர். அவற்றின் துணையால் ஞான அலாய்சியஸ் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ எனும் தொகுதிகளை வெளியிட்டார். அதன் பின்னரே பல்கலைக்கழகங்கள் பண்டிதரைப் பரவலாகக் கற்கத் தொடங்கின. எழுதியவர் ஒருவர், காத்தவர் பலர். இருவரும் சேர்ந்தே வரலாறு ஆகின்றனர்.

இது ஆடவர்க்கு மட்டும் உரிய வரலாறு அன்று. சாவித்திரிபாய் புலே, சோதிராவ் புலே ஆகியோரின் பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் இனத்துச் சிறுமி, மகார், மாங் மக்களின் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ என்னும் மராத்தி இதழில் வெளிவந்தது. பள்ளிச் சிறுமி ஒருத்தியின் கட்டுரை இன்றளவும் நாடெங்கும் பேசப்படுகிறது! தமிழகத்தில் 1916இல் சொப்பனேசுவரி அம்மாள் ‘தமிழ்ப் பெண்’ என்னும் இதழை நடத்தினார். 1992இல் ஆசிரியை பாமா எழுதிய ‘கருக்கு’ பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுப் புகழ் பெற்றது. எனவே நம் மாணவியர் தயங்க வேண்டியதில்லை.

அரசுப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிவரும் நாம் ஒன்றைக் கவனித்து வந்திருக்கிறோம். ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் கோயிலை எழுதுவர், ஏரியை எழுதுவர், சந்தையை எழுதுவர். தாம் வாழும் தெருவை மட்டும் விட்டுவிடுவர். தந்தையின் தொழிலை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிடும். மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்த அச்சிறுவனின் அச்சம் இன்னும் முழுவதும் நீங்கவில்லை என்பதற்கு அவ்வெற்றிடமே சான்று. அந்த ஓரிடத்தை ஒரு பிள்ளை துணிந்து நிரப்பும்போது அதன் கையெழுத்தே நிமிர்ந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். தாய் நாற்று நடுவதையும் தந்தை பறையடிப்பதையும் எழுதிய பிள்ளை, அதன் பின் எதை எழுதவும் அஞ்சுவதில்லை. எழுத்தின் முதற்பயன் பிறர் போற்றுவதன்று. எழுதுபவரின் நாணம் நீங்குவதே.

ஆகவே இளைஞர்களுக்குச் சில சொல்ல விழைகிறோம். முதலாவதாக, உங்கள் தெருவின் முதியோரிடம் குறிப்பேட்டுடன் சென்று அமருங்கள். பண்ணையாளாய் இருந்த காலத்தையும், முதன்முதல் பள்ளிக்குச் சென்றவர் யாரென்பதையும், பொதுக்கிணறு எவ்வாறு கிடைத்தது என்பதையும் கேட்டு, பெயர், ஊர், ஆண்டு தவறாமல் எழுதுங்கள். இரண்டாவதாக, பழைய மனுக்கள், பட்டாக்கள், துண்டறிக்கைகள், புகைப்படங்கள் எவையாயினும் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூன்றாவதாக, அச்சிடும் எந்த நூலுக்கும் ஒரு படியை 1896இல் திறக்கப்பெற்ற சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கு அனுப்புங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டின் நூல்களைப் பெற்றுக் காக்கும் நூலகங்களுள் அதுவும் ஒன்று. இவ்வெள்ளி விழா மலரின் படியும் அங்குச் சேர வேண்டும் என்று சங்கப் பெரியோரை வேண்டுகிறோம்.

இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்று அஞ்சிப் பேனாவை மூடி வைக்காதீர்கள். பிழையைத் திருத்த ஆசிரியர்கள் இருக்கிறோம். எழுதப்படாத வாழ்வைத் திருத்தித் தர எவராலும் இயலாது. நான்கு பக்கத்தில் தொடங்கியவர் இரட்டைமலையார். ஒரு பைசாவில் தொடங்கியவர் பண்டிதர். உங்களிடம் ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் உள. சங்கத்தின் பொன்விழா மலரை வெளியிடும் நாளில் அதன் பக்கங்கள் உங்கள் எழுத்தால் நிறைந்திருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

வளர்க கல்வி! வாழ்க நம் சங்கம்!