விசா ஸ்டாம்ப், ஐ-94, கிரீன் கார்டு... இந்த மூணு தேதியையும் குழப்பிக்காதீங்க மக்களே!

வீரபாண்டித் திருவிழாவோ, தங்கச்சி கல்யாணமோ... மூணு வாரம் லீவு போட்டு அமெரிக்காவிலிருந்து கம்பத்துக்கு வந்தாச்சு. திண்ணையில உட்கார்ந்த சித்தப்பா கேட்கிற முதல் கேள்வி, ``கிரீன் கார்டு வந்திருச்சாப்பா?" நீங்களும் சிரிச்சு மழுப்பிட்டு, `அப்படியே சென்னையில விசா ஸ்டாம்பிங்கை முடிச்சிட்டுக் கிளம்பிடலாம்'னு பிளான் போடுறீங்க.

2025 டிசம்பரில் இதே பிளானோடு இந்தியா வந்த பலர் மாட்டிக்கொண்டார்கள். அந்த மாதம் 15-ம் தேதி முதல் ஹெச்1பி, ஹெச்4 விண்ணப்பதாரர்களின் சோஷியல் மீடியா பக்கங்களையும் பரிசீலிப்போம் என்றது அமெரிக்க வெளியுறவுத்துறை. கையில் இருந்த இன்டர்வியூ தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. வேலை அங்கே, வாடகை அங்கே, ஆள் மட்டும் இங்கே!

இந்த மாதிரி நேரத்தில் பதறாமல் இருக்க ஒரே வழி, உங்கள் மூன்று தேதிகளையும் தனித்தனியாகப் புரிந்துவைத்திருப்பதுதான்.

1. விசா ஸ்டாம்ப்: இது வாசல் சாவி

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்காவுக்குள் நுழைய மட்டும்தான். நீங்கள் அங்கே இருக்கும்போது ஸ்டாம்ப் காலாவதியானால், அதனாலேயே நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாக ஆகாது. ஆனால், வெளியே வந்துவிட்டால் திரும்ப நுழையப் புது ஸ்டாம்ப் வேண்டும். முன்பு பலருக்குக் கைகொடுத்த இன்டர்வியூ இல்லாத டிராப் பாக்ஸ் வசதி, 2025 செப்டம்பர் 2 முதல் ஹெச்1பி-க்குக் கிடையாது. பக்கத்து நாட்டுக்குப் போய் ஸ்டாம்பிங் முடிக்கும் பழக்கத்துக்கும் அதே மாதம் தடை விழுந்தது. சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

2. ஐ-94: இதுதான் தங்கும் கெடு

எந்தத் தேதி வரை அங்கே இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. ஒவ்வொரு முறை இறங்கியதும் இதை ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள். பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஹெச்1பி அனுமதி 2028 வரை இருந்தாலும், பாஸ்போர்ட் 2027-ல் முடிகிறது என்றால், ஐ-94-ஐயும் 2027-லேயே நிறுத்திவிடுவது வழக்கம். அதனால், ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியை முதலில் பாருங்கள். தேனி மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்தான்.

ஹெச்1பி எக்ஸ்டென்ஷன் மனுவை, கெடு முடிய 6 மாதம் இருக்கும்போதே கம்பெனி தாக்கல் செய்யலாம். கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டால், முடிவு வரும்வரை 240 நாள்கள் அதே கம்பெனியில் வேலையைத் தொடரலாம். வேலை போய்விட்டால் அதிகபட்சம் 60 நாள்கள் அவகாசம். ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால், அதுவரைதான்.

3. பிரையாரிட்டி டேட்: வரிசையில் உங்கள் இடம்

வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவிகித உச்சவரம்பு. இந்தியர்கள் அதிகம் விண்ணப்பிப்பதால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. 2025 செப்டம்பர் மாத விசா புல்லட்டினில், இந்தியர்களுக்கான இபி-2 பிரிவின் தேதி 2013 ஜனவரி 1. அதாவது, 2012-க்குள் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அப்போது வழி திறந்திருந்தது. திருப்பதி க்யூ மாதிரிதான். என்ன, இந்த க்யூ சில மாதங்கள் பின்னாலும் நகரும்!

அடி விழுந்தால் என்ன செய்யணும்?

* இன்டர்வியூவில் 221(ஜி) கொடுத்தால்: கதவு முழுசா மூடவில்லை. கூடுதல் ஆவணம் அல்லது பரிசீலனை தேவை என்று அர்த்தம். கேட்ட ஆவணங்களை ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் மறுபடி ஃபீஸ் கட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது இதை மறைக்காதீர்கள்.

* கம்பெனி மாறினால்: ஐ-140 ஏற்கெனவே அப்ரூவ் ஆகியிருந்தால், பொதுவாகப் பழைய பிரையாரிட்டி டேட் உங்களோடு வரும். ஆனால், புதுக் கம்பெனி பெர்ம், ஐ-140 இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். ஐ-140 அப்ரூவல் காப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

* 6 வருடம் முடிந்தால்: ஹெச்1பி-யின் வழக்கமான உச்சவரம்பு 6 வருடம். ஐ-140 அப்ரூவ் ஆகி, வரிசையில் காத்திருந்தால் 3 வருடம் வீதம் நீட்டிக்கலாம்.

* பிள்ளைகளுக்கு 21 வயது நெருங்கினால்: ஹெச்4 விசா அதோடு முடியும். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் வயதைக் கணக்கிட தனிச் சட்டம் இருக்கிறது. பிள்ளை காலேஜ் சேரும்போதே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

போடி வியாபாரிகள் கவனத்துக்கு...

ஏலக்காய் பயரைப் பார்க்கவோ, கண்காட்சிக்கோ போகிறவர்களுக்கு பி1 பிசினஸ் விசா. பெரும்பாலும் 10 வருடத்துக்குக் கிடைக்கும். ஆனால், 10 வருடம் தங்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்பதை ஏர்போர்ட் அதிகாரி முடிவு செய்வார். பொதுவாக 6 மாதத்தைத் தாண்டாது. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது.

பி1 கேட்டு 214(பி)-யில் மறுத்தால், திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கையை நீங்கள் ஏற்படுத்தவில்லை என்று பொருள். அப்பீல் கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் டீலர் லைசென்ஸ், ஜிஎஸ்டி கணக்கு, தோட்டத்துப் பட்டா என ஊரோடு உங்களுக்குள்ள பிடிப்பைக் காட்டும் காகிதங்களோடு போங்கள். விசா முடிந்து 12 மாதத்துக்குள் புதுப்பித்தால், தகுதியுள்ளவர்களுக்கு இன்டர்வியூ விலக்கும் கிடைக்கலாம்.

கெடுவைத் தாண்டித் தங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். 180 நாள்களுக்கு மேல் போய்விட்டுக் கிளம்பினால் 3 வருடம், ஒரு வருடத்தைத் தொட்டால் 10 வருடம் உள்ளே நுழையத் தடை.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி...

ஸ்டாம்ப் செல்லுமா? பாஸ்போர்ட் எதுவரை? இன்டர்வியூ தேதி தள்ளிப்போனால் இங்கிருந்து வேலை பார்க்க கம்பெனி அனுமதிக்குமா? ஐ-485 நிலுவையில் இருந்தால், வெளியே வரலாமா என்று வக்கீல் சொல்லிவிட்டாரா? நாலுக்கும் பதில் கிடைத்த பிறகு டிக்கெட் போடுங்கள். `சீக்கிரம் தேதி வாங்கித் தர்றேன்' என்று பணம் கேட்கும் ஏஜென்ட் பக்கம் போகாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் தூதரக இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு என்ன பதில்? ``வரிசையில நிக்கிறேன் சித்தப்பா, இடம் பத்திரமா இருக்கு" என்று சொல்லுங்கள். அந்த இடம் பத்திரமாக இருப்பதுதான் இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கிற விஷயம்!