இல்லத்து ஒலிக்கலவையும் பிறர் செவியும்: ஒரு வரலாற்று நோக்கு

இசைத்தட்டுகளின் வரலாற்றை எழுதியோர் பாடகரைப் பற்றியும் பாடலாசிரியரைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஒலிப்பதிவுப் பொறிகளைப் பற்றியும் நூல்கள் உள. ஆனால், ஒரு பதிவு பொதுமக்களைச் சென்றடையுமுன் அதனை முதன்முதலிற் கேட்டு, போதும் என்றோ போதாது என்றோ தீர்ப்புக் கூறிய செவிகளைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. பெருங் கலையகங்களில் அச்செவி சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டிருந்தது. பாடுபவர் ஒருவராகவும், பதிவுசெய்யும் பொறியியலாளர் வேறொருவராகவும், இருவருக்கும் மேலாக அமர்ந்து கேட்கும் தயாரிப்பாளர் மற்றொருவராகவும் இருந்தனர். வீட்டிலே தனித்திருந்து பாடி, பதிந்து, தாமே கலந்தவருக்கு இவர்களுள் எவரும் இல்லை. அவர் ஒரு செவியைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. அத்தேடலின் சில கட்டங்களை, சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிகழ்ந்தவற்றை, இக்கட்டுரை நோக்குகின்றது.

பல தடங்களில் தனித்தனியே பதிந்த குரலையும் கருவிகளையும், அவற்றின் உரப்பு, இடம், எதிரொலி ஆகியவற்றை ஒழுங்குசெய்து, ஈற்றில் ஒரு தடத்துக்கோ இரு தடங்களுக்கோ ஒடுக்குவதே ஒலிக்கலவை எனப்படும். இதனைச் செய்பவருடைய செவி மட்டும் ஏன் போதாது? முதற் காரணம் அறை. பத்து அடி நீளமான ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹேர்ட்ஸ் மீடிறனில் பரிவு ஏற்படும். பாஸ் கித்தாரின் இரண்டாந் தாழ் நரம்பின் சுருதியோ 55 ஹேர்ட்ஸ். எனவே சுவரோரம் அமர்ந்து கலப்பவருக்கு அச்சுவரம் மட்டும் பூதாகாரமாக ஒலிக்கும். அறையின் நடுவில் அமர்ந்தவருக்கு அது மெலிந்து போகும். முன்னவர் அதனைக் குறைப்பார், பின்னவர் கூட்டுவார். இருவரும் தம் அறையைத் திருத்துகின்றனரேயன்றிப் பாடலைத் திருத்தவில்லை. இரண்டாவது காரணம் செவியின் இயல்பு. ஒலி மெலிவடையும்போது தாழ்சுருதிகளை உணரும் ஆற்றலும் குன்றுகின்றது என்பதை 1933 ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்போர் அளந்து காட்டினர். அயலார் உறங்கும் நள்ளிரவில் மெல்லிய ஒலியிற் கலந்த பாடல், பகலில் உரத்து ஒலிக்கும்போது வேறொரு பாடலாகிவிடுவதன் இரகசியம் இதுவே. மூன்றாவது பழக்கம். நூறுமுறை கேட்ட குரலின் சொற்கள் தெளிவாக விளங்குகின்றனவா என்பதை அக்குரலுக்குரியவர் அறியமாட்டார். சொற்களை அவர் முன்னரே அறிவாரல்லவா?

இல்லத்து ஒலிப்பதிவின் முன்னோடியாகக் கருதப்படும் லெஸ் போல், ஹொலிவுட்டில் இருந்த தம் வீட்டுக் கார்க்கொட்டகையைக் கலையகமாக மாற்றியவர். ஒரு தட்டில் பதிந்த கித்தார் ஒலியை மறுபடி ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்த்து வாசித்து அடுத்த தட்டிற் பதிந்து, இவ்வாறு அடுக்கடுக்காக அவர் அமைத்த 'லவர்' என்னும் பதிவு 1948 இல் வெளியாயிற்று. இம்முயற்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது யாரோ ஒரு நிபுணரின் ஆலோசனையன்று. வானொலியில் தம் மகன் வாசித்ததாக எண்ணி அவருடைய தாயார் பாராட்டியபோது, வாசித்தவர் வேறொருவர் எனத் தெரியவந்தது. தாய்க்கே வேறுபாடு புலப்படாத ஓர் ஒலியால் என்ன பயன் என்று எண்ணிக் கொட்டகைக்குள் நுழைந்ததாக லெஸ் போல் பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். இசைநுணுக்கம் எதனையும் அந்த அம்மையார் பேசவில்லை. தாம் கேட்டது யாதென்று மட்டுமே கூறினார்.

பிறர் செவியை ஒரு நிறுவனமாகவே ஆக்கியவர் டெற்றோயிற் நகரத்துப் பெரி கோர்டி. குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன்பெற்று 1959 இல் தொழிலைத் தொடங்கிய அவர், அதே ஆண்டில் மேற்கு கிறான்ட் புலவாட் வீதியில் 2648 ஆம் இலக்க வீட்டை வாங்கினார். மேல்மாடியிற் குடும்பம் வாழ்ந்தது. பின்புறத்தே, முன்னர் புகைப்படக் கலையகமாக இருந்த பகுதியிற் பாடல்கள் பதிவாயின. மோட்டவுன் என உலகம் அறிந்த ஒலி பிறந்தது இவ்வீட்டிலேயே. கோர்டி முன்னர் போர்ட் கம்பனியின் லிங்கன்-மேர்க்குரி தொழிற்சாலையிற் கார்களைப் பொருத்தும் தொழிலாளியாக இருந்தவர். அங்கு கண்ட தரக்கட்டுப்பாட்டு முறையை அவர் பாடலுக்கும் பிரயோகித்தார். வெள்ளிக்கிழமைக் காலைகளில் ஊழியர் கூடுவர். தாமதித்து வருவோருக்குக் கதவு திறக்கப்படுவதில்லை. பதிவுகள் ஒலிக்கவிடப்பட்டு, வாதிக்கப்பட்டு, வாக்குக்கு விடப்பட்டன. கையில் ஒரேயொரு டொலர் இருந்தால் இத்தட்டை வாங்குவீரா, பசிக்குச் சான்ட்விச் வாங்குவீரா என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வி. கார் வானொலியில் அப்பாடல் எவ்வாறு ஒலிக்கும் என அறியச் சிறிய, தரங்குறைந்த ஒலிபெருக்கிகளிலும் அவர்கள் கேட்டனர். நம் புலவர் மரபின் அரங்கேற்றத்தை இக்கூட்டம் ஓரளவு நினைவூட்டுகின்றது. எனினும் அங்கு புலவருக்கு எதிரில் இருந்தோர் புலவர். இங்கு அலுவலக ஊழியருக்கும் ஒரு வாக்கு இருந்தது.

இத்தகைய சபையும் தவறியதுண்டு. நோர்மன் விற்பீல்ட் தயாரிப்பில் மார்வின் கே பாடிய 'ஐ ஹேர்ட் இற் துறூ த கிறேப்வைன்' 1967 இற் பதிவானது. தனித்தட்டாக வெளியிட அது ஏற்கப்படவில்லை. அதே பாடலைக் கிளாடிஸ் நைற் குழுவினர் வேறு நடையிற் பாடி அவ்வாண்டிலேயே வெற்றிகண்டனர். மார்வின் கேயின் பதிவு 1968 இல் ஒரு நீள்தட்டின் நடுவே இடம்நிரப்பியாகச் சேர்க்கப்பட்டது. வானொலி நிலையத்தார் அதைத் தாமாகவே தேர்ந்து ஒலிபரப்பத் தொடங்கினர். அதன்பின்னரே தனித்தட்டு வந்தது. அமெரிக்கத் தரவரிசையில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இத்தவறு எங்கே நிகழ்ந்தது என்பது ஆராயத்தக்கது. பாஸ் ஒலி மிகுந்துவிட்டதா, குரல் புதைந்துவிட்டதா என்பன போன்ற வினாக்களுக்கு இன்னொரு செவி, இன்னோர் அறை, இன்னோர் ஒலிபெருக்கி என்பன நம்பத்தக்க விடையளிக்கும். பாடல் வாழத்தக்கதா என்ற வினா வேறு வகையினது. அங்கு பத்துப் பேரின் ஒருமித்த கருத்தும் நேற்றைய வெற்றியின் எதிரொலியாக இருக்கக்கூடும். முதல்வகைத் தீர்ப்புக்குரிய உறுதியோடு இரண்டாம் வகைத் தீர்ப்பையும் வழங்குவதே வழுவெனக் கூறத் தோன்றுகின்றது.

1979 இல் ரியக் நிறுவனம் வெளியிட்ட போட்டாஸ்ரூடியோ 144 என்னும் பொறி நிலைமையை முற்றாக மாற்றியது. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய சாதாரண கசற் நாடாவிலேயே நான்கு தடங்களை ஒரு திசையில், இரட்டை வேகத்திற் பதிந்து, அப்பொறியிலேயே கலக்கவும் முடிந்தது. படுக்கையறையே கலையகமாயிற்று. இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது: 1978 இல் வீட்டுப் பாவனைக்கென யமாகா வெளியிட்ட என்.எஸ்.10 ஒலிபெருக்கி வீடுகளில் எடுபடாமற் போய்க் கலையகங்களிற் குடிபுகுந்தது. குறைகளை மறைக்காது காட்டுவதே அதன் சிறப்பெனப் பொறியியலாளர் கருதினர்.

வீட்டிற் பதிந்தோரின் கசற்றுகள் தபாலிற் பயணஞ்செய்தன. வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரிலிருந்து 1979 முதல் 1984 வரை, ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்கு ஒன்றாக 26 இதழ்கள் வெளியிட்ட 'ஓப்' என்னும் சஞ்சிகை, பெருங்கம்பனிகள் தொடாத இத்தகைய நாடாக்களுக்கும் மதிப்புரை எழுதியது. இங்கிலாந்தில் 1983 இல் தொடங்கிய 'ஹோம் அன்ட் ஸ்ரூடியோ ரெக்கோர்டிங்' வாசகரின் நாடாக்களைக் கேட்டுக் கருத்துரைத்தது. அறியாதவர் ஒருவரின் கருத்தை அச்சிற் காண்பது கசப்பாகவும் இருந்திருக்கும். ஆனால் நண்பரின் பதிவைக் கேட்டு 'நன்றாயிருக்கின்றது' என்று கூறுவது மரியாதை மட்டுமே. நாமெல்லோரும் அதனைச் செய்திருக்கிறோம், உதவி என்றும் எண்ணியிருக்கிறோம். 'இரண்டாவது சரணத்திற் சொல் விளங்கவில்லை. காரிலே கேட்டேன்' என்று ஒருவர் கூறுவாராயின், எங்கே, எதில், எந்த இடத்தில் என்ற மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. பதிந்தவர் தம் அறைக்குத் திரும்பிச் சென்று ஏதேனும் செய்ய அது இடமளிக்கின்றது.

இவ்வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் என்பாருடையது. 1982 ஜனவரி 3 ஆம் நாள், நியூ ஜேர்சியில் கோல்ற்ஸ் நெக் என்னுமிடத்தில் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒரு போட்டாஸ்ரூடியோவையும் கொண்டு, அவர் தம் புதிய பாடல்களுட் பெரும்பாலானவற்றைப் பதிந்தார். எதிரொலிக்கருவி ஒன்றினூடாகக் கலந்து, முன்பு தண்ணீரில் வீழ்ந்து பழுதுபட்ட ஒரு பனசொனிக் கசற் கருவியில் ஈற்றுப்படியை எடுத்தார். அவரது நோக்கம் வாத்தியக்குழுவினருக்குப் பாடல்களை அறிமுகஞ் செய்வதேயாகும். முகாமையாளரான ஜோன் லாண்டோவுக்கு நாடாவையும், ஒவ்வொரு பாடலையும் பற்றிய குறிப்புகள் அடங்கிய கடிதம் ஒன்றையும் அனுப்பினார். கடிதத்தை நான் முக்கியமாகக் கருதுகின்றேன். கருத்தை நாடுபவர், தாம் எதனைச் செய்ய முயன்றார் என்பதையும் எதில் ஐயுறுகிறார் என்பதையும் கூறாவிடின், கேட்பவர் தம் விருப்பத்தையே அளவுகோலாகக் கொள்வார்.

பின்னர் நியூயோர்க் நகரின் பவர் ஸ்ரேஷன் கலையகத்திற் குழுவினருடன் அப்பாடல்கள் மீண்டும் பதிவுசெய்யப்பட்டன. அந்நாடாவில் இருந்த 'போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.' குழுவின் கையிற் புத்துயிர் பெற்றது. 1984 இல் வெளியான நீள்தட்டுக்கு அதுவே பெயராயிற்று. ஏனையவற்றுட் பல தெளிவடைந்த அளவுக்கு உயிரிழந்தன. ஒரே கசற்றில் இருந்த பாடல்களுக்கு ஒரே மறுமொழி பொருந்தவில்லை என்பது இங்கு நோக்கற்பாலது. உறையுமின்றிப் பல வாரங்கள் காற்சட்டைப் பையிற் கிடந்த அந்த நாடாவையே வெளியிடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. அதிலிருந்து இசைத்தட்டு வெட்டுவது பெருந்தொல்லையாக இருந்தது. பல கூடங்களில் முயன்ற பின்னர், ஒலிமட்டத்தைக் குறைத்து ஒருவாறு நிறைவேற்றினர். 1982 செப்டெம்பர் 30 ஆம் நாள் 'நெப்ராஸ்கா' வெளியாயிற்று. பொறியியலாளரின் அளவுகோலில் அது இரைச்சலும் மங்கலும் கொண்ட பதிவு. அம்மங்கலை நீக்கினால் அதில் வரும் மனிதரின் தனிமையும் நீங்கிவிடும் என்பதைச் சம்பந்தப்பட்டோர் கேட்டு உணர்ந்தது, நீக்கிப் பார்த்த பின்னரே.

குழுவினருடன் பதிவாகிக் கைவிடப்பட்ட வடிவங்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தன. 2025 ஆம் ஆண்டில் அவற்றுட் சில வெளியிடப்பட்டுள்ளன. அன்று ஏற்றதையும் தள்ளியதையும் இன்று எவரும் அருகருகே வைத்துத் தம் அறையிலேயே கேட்கலாம்.