முகவரியில் பொய் சொன்னால்...

போன மாசம் வீடு மாறினோம். இங்கே அமெரிக்காவுல வீடு தேடுற நம்ம பசங்க வாடகை எவ்வளவு, பஸ் ஸ்டாப் எங்கே, இந்தியன் கடை எவ்வளவு தூரம்னுதான் பார்ப்பாங்க. என் ரூம்மேட் இன்னொண்ணும் பார்த்தான்: பாலியல் குற்றவாளிகள் பதிவேடு. அரசாங்கமே நடத்துற தளம். ஊர்ப் பேரைப் போட்டா, அந்த வட்டாரத்துல இருக்கிற தண்டனை பெற்றவங்களோட பேர், போட்டோ, முகவரி எல்லாம் வரும். மேப்புல நாலைந்து புள்ளிகள். "நம்ம தெருவுல யாரும் இல்லடா"ன்னு லேப்டாப்பை மூடிட்டான்.

எனக்குத்தான் ஒரு கேள்வி. அந்த முகவரியைக் கொடுத்தது யாரு? அந்த ஆளேதான். அவன் பொய் சொல்லியிருந்தா? தேட ஆரம்பிச்சு ஒரு வாரம் ஓடிடுச்சு. அதன் விளைவு இந்தப் பதிவு.

மாநிலம் முழுக்க பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்யும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது கலிஃபோர்னியா, 1947-ல். அதே மாநிலத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இன்னும் பரந்த ஒரு விதி இருந்தது. பெருங்குற்றம் எதிலாவது தண்டனை பெற்றவர் ஊரில் ஐந்து நாளுக்கு மேல் தங்கினால் போலீசில் பதிய வேண்டும். போலிக் கையெழுத்து வழக்கில் தண்டனை பெற்ற லாம்பர்ட் என்ற பெண் அங்கே ஏழு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தும் பதியவில்லை. 250 டாலர் அபராதம், மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாதவரை, தெரிந்துகொள்ள வாய்ப்பும் இல்லாதவரை, சும்மா இருந்ததற்காகத் தண்டிக்க முடியாது என்றார்கள். இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில வரும்.

1989-ல் மின்னசோட்டாவில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுப் பையன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் 1994-ல் வந்த மத்தியச் சட்டம், எல்லா மாநிலமும் பதிவேடு வைக்கணும்னு சொன்னது. அதில் முகவரியைச் சரிபார்த்த விதம்தான் வேடிக்கை. வருஷத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு படிவம் போகும், கையெழுத்துப் போட்டு 10 நாளுக்குள் திருப்பி அனுப்பணும். அவ்வளவே! அதே 1994-ல் நியூ ஜெர்சியில் மேகன் என்ற ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். 1996-ல் அவள் பெயரால் வந்த சட்டம், இந்தத் தகவலை மக்களுக்கும் சொல்ல வைத்தது.

2006-ல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம்தான் பிடியை இறுக்கியது. தபால் போச்சு. குற்றத்தின் கடுமையைப் பொறுத்து வருஷத்துக்கு ஒருமுறை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை, அல்லது மூணு மாசத்துக்கு ஒருமுறை நேரில் வரணும். வீடு, வேலை, படிப்பு எது மாறினாலும் மூன்று வேலை நாளுக்குள் சொல்லணும். மத்தியச் சட்ட வரம்புக்குள் வருபவர் தெரிந்தே பதியாமலோ புதுப்பிக்காமலோ இருந்தால் 10 வருஷம் வரை சிறை. மத்திய அரசு அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் சாதாரணமாக 5 வருஷம் வரை. அந்தப் பொய் இந்தப் பதிவு சம்பந்தப்பட்ட குற்றத்தைப் பற்றியது என்றால் 8 வருஷம் வரை என்று அதே சட்டம் உயர்த்தியது. மாநிலங்களின் சொந்தத் தண்டனைகள் தனி.

அப்பவும் ஒரு ஓட்டை இருந்தது. கான்சஸில் பதிவாகியிருந்த ஒருவர் 2012-ல் யாரிடமும் சொல்லாமல் மணிலா போய்விட்டார். மாநிலத்தை விட்டே போனவர் அந்த மாநிலத்தில் புதுப்பிக்கணும்னு சட்ட வாசகம் சொல்லவில்லை என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் அதே வருஷம் பிப்ரவரியிலேயே, வெளிநாட்டுப் பயணத்தையும் முன்கூட்டியே தெரிவிக்கணும்னு புதுச் சட்டம் வந்துவிட்டது.

இத்தனையும் படிச்சப்புறம் எனக்குத் தோணினது இதுதான். அந்த மேப்பே குற்றவாளியின் வாக்குமூலம். அதனாலதான் பொய்க்கு இவ்வளவு தண்டனை. அதுல தப்பில்லை. ஆனா பொய் சொன்னவனும், விதி புரியாம தடுமாறினவனும் ஒண்ணில்லை. 'தெரிந்தே' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் ரெண்டு பேரையும் பிரிக்குது. 1957-ல் லாம்பர்ட் ஜெயித்ததும் அந்த இடத்தில்தான்.

இன்னொண்ணு. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலானோர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பல பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. புள்ளி இல்லாத தெரு பாதுகாப்பான தெருன்னு அர்த்தமில்லை. இதை ரூம்மேட்டிடம் சொன்னேன். "அப்ப எதுக்குடா அந்த மேப்?"ன்னான்.

பதில் தெரியலை. இதுக்கு நடுவுல நான் பண்ணின ஒரே உருப்படியான காரியம், ஸ்டூடன்ட் விசாக்காரங்க 10 நாளுக்குள் கொடுக்க வேண்டிய புது முகவரியை ஒன்பதாம் நாள் கொடுத்ததுதான். உங்களுக்கு என்ன தோணுது? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.