எட்டாம் நம்பர் ஷூ: ஒரு தானிய மணியின் கதை

1/ வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஷூ ஆர்டர் போடுகிறார்கள். "அப்பா, உங்க சைஸ் என்ன?" "எட்டு." அவ்வளவுதான் பேச்சு. அந்த எட்டு எதை அளக்கிறது தெரியுமா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம் வாங்க. சுகர் இருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்கணும்.

2/ எங்கள் ஸ்ரீவைகுண்டம் நெல் விளையும் ஊர். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கேதான். அதனால் நெல்லில் இருந்தே ஆரம்பிப்போம். நம் பழைய கணக்கில் எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம்.

3/ இங்கிலாந்திலும் இதே யோசனைதான், தானியம் மட்டும் வேறு. காய்ந்த வாற்கோதுமை மணி மூன்றை வரிசையாக வைத்தால் ஒரு அங்குலம் என்று அவர்களின் இடைக்காலச் சட்டம் சொன்னது. அங்கே செருப்புத் தைப்பவர்கள் அந்த மணியையே அளவாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு சைஸ் கூடினால் ஒரு மணி, அதாவது மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மில்லிமீட்டர்.

4/ குழந்தைகள் அளவு 4 அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்கி 13 வரை போகும். பிறகு பெரியவர்களுக்கு மறுபடி 1. ஆக உங்கள் எட்டாம் நம்பர் = 12 + 13 + 8 = 33 மணி = 11 அங்குலம், அதாவது சுமார் 28 செ.மீ.

5/ இங்கே ஒரு விஷயம் கவனிங்க. அந்த 28 செ.மீ. உங்கள் பாதத்தின் நீளம் இல்லை. ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கும் கட்டையின் நீளம். விரலுக்கு முன்னால் இருக்க வேண்டிய இடமும் அதில் சேர்ந்தது.

6/ அமெரிக்காக்காரர்கள் எண்ணிக்கையை ஒரு மணி முன்னாலேயே தொடங்கினார்கள். அதனால் ஆண்களுக்கு பிரிட்டிஷ் 8 அங்கே 9. ஐரோப்பாவில் மணியே கிடையாது, செ.மீ.யில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு சைஸ். 28 செ.மீ. கட்டைக்கு 42. ஒன்று 8.5 மி.மீ. படி, இன்னொன்று 6.7 மி.மீ. படி. இரண்டு படிக்கட்டும் எல்லா இடத்திலும் எப்படிப் பொருந்தும்? சைஸ் சார்ட் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7/ அகலம் தனிக் கதை. ஆபீஸ் போடும் தோல் ஷூவில் அதை எழுத்தால் குறிப்பார்கள். அமெரிக்காவில் ஆண்களுக்கு 'டி' சாதாரணம், 'இ', 'டபுள் இ' அகலம். பிரிட்டிஷ் 'டி' அதைவிடக் குறுகல். எழுத்து ஒன்றுதான், அளவு வேற.

8/ நமக்கு ஏன் இது முக்கியம்? பிரிட்டிஷ் சைஸ்தான் சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே தொடர்ந்தது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. இந்தியப் பாதம் மேற்கத்தியப் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. அகலம் பத்தாமல் நம்மவர்கள் நீளமான ஷூவை வாங்கி, லேஸை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கிறார்கள். அந்த ஆய்வில் இருந்துதான் 'பா' (பாரத்) என்ற இந்திய அளவுமுறைக்கு முன்மொழிவு வந்தது.

9/ இத்தனைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருந்து உலகத்துக்கே ஷூ போகிறது. அவர்கள் கட்டையில், அவர்கள் அளவில், நம் கை தைத்தது.

10/ இப்போ டாக்டராகப் பேசுகிறேன். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி போன இடத்தில் அழுத்தம் தெரியாமல் விழும் புண்தான் காரணம் என்று காட்டினார். நாம் எம்.சி.ஆர். என்று சொல்லும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அங்கே நடந்த அந்த வேலையோடு வளர்ந்தது.

11/ சர்க்கரை நோயிலும் அதே கதைதான். உணர்ச்சி குறைந்த கால், இறுக்கமான ஷூவைத்தான் "கச்சிதமா இருக்கு" என்று சொல்லும். லூசான அளவு அதற்குத் தெரியாது. சுண்டுவிரல் ஓரம் ஒரு கொப்புளம், பிறகு புண், கவனிக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டிய நிலை.

12/ அதனால் நம்பரைக் கேட்காதீங்க, பாதத்தை அளங்க.
• சாயங்காலம் அளக்கணும், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.
• பேப்பர் மேல் எழுந்து நின்று, பென்சிலை நேராகப் பிடித்து வரையணும்.
• குதிகாலில் இருந்து மிக நீளமான விரல் வரை நீளம். சிலருக்கு அது இரண்டாவது விரல்.
• அகலமான இடத்தில் அகலம்.
• இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கணும்.
• செ.மீ. கணக்கைக் கம்பெனியின் சார்ட்டோடு ஒப்பிடணும். விரலுக்கு முன் சுமார் 1 செ.மீ. இடம் வேணும்.

13/ வந்த ஷூவை முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் மட்டும் போட்டுப் பாருங்க. கழற்றியதும் பாதம் சிவந்திருக்கிறதா என்று பாருங்க. அப்பாவுக்கு உணர்ச்சி குறைவு என்றால் "வலிக்குதா?" என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. குனிந்து நீங்களே பாருங்க. சிவந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் திருப்பி அனுப்புங்க.